அலுங்கு வராத பங்கு

வெள்ளாங்குளத்து ஊர்க்காட்டில் குரு, சீடர் என்று யாரும் யாரையும் சொல்லிக்கொள்வதில்லை. காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் அரிவாளும் தண்ணீர்க்குடமுமாக வருவார்கள். வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஆனாலும் வேளாண்மைத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருளப்பன், நாற்பத்தாறு வயது மீனாளிடம் சீடராகத்தான் இருந்தார். வந்த புதிதில் ‘ஏம்மா’ என்று கூப்பிட்டவர், இரண்டாம் வருஷம் ‘ஆத்தா’ என்று மாறினார். ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மீனாள் அதே காட்டில் விறகு வெட்டி விற்றவள். வெட்டி வெட்டிக் காடு கட்டாந்தரையான பிறகு வெட்ட ஒன்றும் இல்லை என்பதால் நடத் தொடங்கினாள். இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை என்று அவளே சொல்லுவாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். இருபது வருஷத்தில் நூற்றுப் பத்து ஏக்கரில் காடு மறுபடி எழுந்தது. முதலில் முயல் வந்தது. அடுத்து உடும்பும் மரநாயும் வந்தன. கடைசியாக அலுங்கு வந்தது.

அலுங்கு, உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில் போர்த்திய பிராணி. பகலெல்லாம் வளைக்குள் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும். ஆள் வாடை பட்டால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. அதன் செதிலுக்கு எங்கோ விலை இருக்கிறது என்பதால் அதைத் தோண்டி எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

காட்டைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். ஒருமுறை ஒருவர் தன் பங்கில் அலுங்கு வளை இருப்பதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷம் தாங்காமல் டீக்கடையில் சொன்னார். அடுத்த வாரம் அந்த வளையைக் கடப்பாரையால் யாரோ தோண்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. சொன்னவர் அதன் பிறகு காட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மீனாள் ஒரு வழக்கம் வைத்தாள். தன் பங்கில் அலுங்கு புதிதாகப் பறித்த குழியைப் பார்க்கிறவர், வாய் திறக்கக் கூடாது. அந்தக் குழி மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி வந்து, காட்டு முகப்பில் கிடக்கும் பட்டைக்கல்லில் வைக்க வேண்டும். கல்லில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் இடம் உண்டு. மண் வைத்த நாளிலிருந்து, அந்த மண் காற்றிலோ மழையிலோ கரைந்து போகிறவரை அந்தப் பங்குக்குள் யாரும் போகக் கூடாது. பங்குக்காரரும் போகக் கூடாது. வெளியாள் பார்த்தால் ஏதோ மண் கொட்டிக் கிடக்கிறது என்று போய்விடுவான்.

அருளப்பன் காட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மீனாள் இடத்தில் மண் இருக்கும். சைக்கிள் கடை காதர்மைதீன் இடத்திலும் இருக்கும். அவருக்குக் கன்று எது, களை எது என்பதே சந்தேகம். ஆனால் அவர் பங்குக்கு வருஷத்தில் மூன்று தடவை அலுங்கு வந்தது. அருளப்பன் இடம் மட்டும் ஆறு வருஷமாகக் கழுவி வைத்த தட்டு மாதிரி கிடந்தது.

இத்தனைக்கும் காட்டிலேயே அழகான பங்கு அவருடையதுதான். முந்நூறு கன்று வைத்தார், ஒன்றுகூடச் சாகவில்லை. இலுப்பை, ஆச்சா, உசிலை, வன்னி என்று வரிசை பிடித்து நின்றன. நடுவில் ஒரு மகிழம். அவர் மனைவி ரெஜினா காலமான முதல் வருஷ நினைவு நாளில் வைத்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தால்கூட அந்தப் பங்கைத்தான் காட்டுவார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து கைகால் கழுவும்போது அவர் மீனாளிடம் கேட்டார்.

“என் பங்குக்கு மட்டும் ஏன் ஆத்தா வரல?”

“வரும்போது வரும் சார்.”

“எப்ப?”

“அதுகிட்டதான் கேக்கணும்.”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. மதுரையில் கண் டாக்டரிடம் போய் வந்ததைச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருமாம். மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. இரண்டு வருஷம் என்று டாக்டர் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“எல்லாம் பாத்தாச்சு ஆத்தா. பேரப்பிள்ளைகளப் பாத்துட்டேன். இந்த ஒண்ணுதான் பாக்கி. ஒரே ஒரு தடவை அலுங்கப் பாத்துட்டா போதும்.”

மீனாள் கேட்டுக்கொண்டாள். அவருக்காக வருத்தப்பட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

அன்று கல்லில் அவள் இடத்தில் மண் இல்லை. அவரைத் தன் பங்குக்குக் கூட்டிப்போனாள். அது பங்கா, குப்பைமேடா என்று அருளப்பனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. விழுந்த கிளை விழுந்த இடத்தில் கிடக்கும். பட்ட மரம் பட்டபடி நிற்கும். கன்றுகளில் பாதி செத்துக் குச்சியாக இருக்கும். அங்கே ஒரு புற்றுக்கு எதிரே இருவரும் உட்கார்ந்தார்கள். பொழுது இறங்கியது. மைனாக்கள் கத்தி ஓய்ந்தன. எதிரே இருந்த புற்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கியதும் மீனாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

“வரலையே ஆத்தா.”

“வராது சார்.”

“ஏன்?”

“நாம உக்காந்திருக்கோம்ல.”

“இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பின்னே எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“நீங்க கேட்டீங்க.”

அருளப்பனுக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைச் சமாளித்தவர் அவர். இப்படி ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. இரண்டு நாள் காட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்துவிட்டார்.

வந்தவரிடம் மீனாள் ஒரு வேலை கொடுத்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் காற்றுக்கு விழுந்த முருங்கையை இரண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தாள். ஒன்றைத் தன் பங்கில் போட்டுவிட்டு, மற்றதை அவர் பங்கில் போடச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். கிடக்கட்டும் என்றாள். புரட்டாசியில் போட்ட கட்டைகள், ஐப்பசி மழையில் நனைந்து கிடந்தன. கார்த்திகை பிறந்ததும் ஒருநாள், போய்ப் பார்க்கலாம் என்று அவரை அழைத்துப் போனாள்.

முதலில் அவள் பங்கு. கட்டையை அவர் தூக்கினார். மேலே மண்ணப்பி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்பளம்போல் கையில் நொறுங்கியது. உள்ளேயிருந்து கரையான்கள் கொட்டிச் சிதறின.

அடுத்து அவர் பங்கு. கட்டை போட்டது போட்டபடி கிடந்தது. புரட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு அரிப்பில்லை. அவரையறியாமல் ஒரு பெருமை வந்தது.

“பாத்தீங்களா ஆத்தா? ஒத்தக் கரையான் கிடையாது. குழி எடுக்கும்போதே கரையான்பொடி கலந்துதான் நடுவேன். வருஷா வருஷம் தூருல தூவிடுவேன்.”

“ஆமா சார். சுத்தமா இருக்கு.”

“உங்க கன்னு பாதி போயிடுச்சு. என்னோடது முந்நூறும் நிக்குது.”

“நிக்குது.”

பிறகு அவள் கேட்டாள். கேட்கும்போது அவரைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அலுங்கு என்ன சார் திங்கும்?”

அருளப்பன் பதில் சொல்ல வாய் திறந்தார். எறும்பும் கரையானும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டு கட்டையைக் கீழே வைத்தார்.

அன்று காதர்மைதீன் டீ கொண்டுவந்து கொடுத்தார். அருளப்பன் அதை ஆறிய பிறகுதான் குடித்தார். கிளம்பும்போது மீனாளிடம் வந்து நின்றார்.

“பொடிய நிறுத்திடவா?”

“உங்க பங்கு சார்.”

“நிறுத்துனா கன்னு சாகும்.”

“சாகும்.”

“எல்லாமா?”

“தெரியல.”

“அலுங்கு வருமா?”

“அதுவும் தெரியல.”

நிறுத்தினார். நிறுத்தினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மீதமிருந்த பொடி டப்பாக்களைக் கட்டி மச்சில் போட்டார். ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. கன்றுகள் நின்றன. கரையானும் வரவில்லை. ஆறு வருஷம் போட்ட மருந்து மண்ணில் இருந்தது. மண்ணுக்கு மறதி வர நாளாகும் என்று மீனாள் சொன்னாள். அவர் கண்ணுக்கு அத்தனை நாள் இல்லை. இடது ஓரம் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கம் நின்று யாராவது பேசினால் உடம்பை முழுக்கத் திருப்பித்தான் பார்த்தார்.

இரண்டாம் வருஷம் மாசியில் முதல் வன்னிக்கன்று சாய்ந்தது. தூரில் மண் ஏறியிருந்தது. பிறகு வரிசையாகப் போயின. எந்தக் கன்றை எந்தத் தேதியில் நட்டோம் என்று தெரிந்த மனிதர் அவர். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, பிடுங்கிய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தார். வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் அந்தப் பங்கைப் பார்த்துவிட்டு, இதைக் கவனிக்க ஆளில்லையா என்று அவரிடமே கேட்டார்கள். ஆள் இருக்கிறார், கொஞ்சம் கண் சரியில்லை என்றார்.

சித்திரையில் மகிழமரத்தின் தூரில் கைவைத்துப் பார்த்தார். விரலில் ஈரமண் ஒட்டியது.

மறுநாள் காலை அவர் பையில் அந்த ஒரு டப்பாப் பொடி இருந்தது. மீனாள் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். மகிழமரத்தடியில் அவர் ஏழு மணிக்குப் போய் நின்றார். காதர்மைதீன் டீக்குக் கூப்பிடும்போது ஒன்பது. அதுவரை நின்றார். திரும்பி வந்தபோது டப்பாவின் மூடி பிரிக்கப்படாமல் இருந்தது. அதை மீனாளிடம் கொடுத்து, எங்காவது காட்டுக்கு வெளியே புதைத்துவிடச் சொன்னார்.

ஆனியில் மகிழம் விழுந்தது. அன்று அவருக்கு அழுகை வந்தது, அழுதார். மனைவி இரண்டாவது தடவை போனதுபோல் இருக்கிறது என்று காதர்மைதீனிடம் சொன்னார். காதர்மைதீன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனாளும் பக்கத்தில்தான் இருந்தாள். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டதற்கு மட்டும், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. இனி வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கைத்தடியோடு வந்தார். மகன் திட்டினான், அப்போதும் வந்தார். மற்றவர்கள் கூடிப் பேசி, காட்டு முகப்பிலிருந்து அவர் பங்குவரைக்கும், பங்குக்குள்ளும், மரத்துக்கு மரம் தேங்காய்நார்க் கயிறு இழுத்துக் கட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்வந்தார். முந்நூறில் எண்பத்தேழு கன்று பிழைத்திருந்தது. அவற்றைத் தடவித் தடவி அடையாளம் வைத்துக்கொண்டார். விழுந்த கட்டைகளைத் தொட்டுப் பார்த்து, மண்ணேறியிருந்தால் சந்தோஷப்பட்டார். கரையானைக் கண்டு சந்தோஷப்படுகிற முதல் வேளாண்மை அதிகாரி நான்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அலுங்கு வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. கேட்பதை அவர் நிறுத்தியிருந்தார்.

அதற்கடுத்த கார்த்திகையில் ஒருநாள், மழை விட்ட காலையில், கயிற்றைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தவருக்குக் கால் சட்டென்று பள்ளத்தில் இறங்கியது. விழப்போனவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றார். முந்தின நாள் அங்கே பள்ளம் கிடையாது. மெல்ல உட்கார்ந்து கையால் துழாவினார். மகிழமரம் விழுந்து கிடந்த இடம் அது. மரத்தை ஒட்டிப் புதிதாக ஒரு குழி. உள்ளே மண் பொலபொலவென்று இருந்தது. குழியின் சுவரில் விரல் வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் கீறல்கள், ஆழமாக, ஒரே சீராக, மேலிருந்து கீழே. அவர் விரல்களை அவற்றுக்குள் வைத்துப் பார்த்தார். அடியில் உடைந்த கரையான் கூடு தட்டுப்பட்டது. தப்பிப் பிழைத்த கரையான்கள் அவர் கைமேல் ஏறின. தட்டிவிடவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. பிறகு ஒரு கைப்பிடி மண் அள்ளி, மூடிய கையோடு கயிற்றைப் பிடித்து வெளியே வந்தார்.

முகப்பில் எல்லோரும் இருந்தார்கள். அவர் பட்டைக்கல்லைத் தடவி, விளிம்பிலிருந்து விரல்கட்டையால் அளந்து, தன் இடத்தைக் கண்டுபிடித்து மண்ணை வைத்தார். யாரும் பேசவில்லை. வழக்கம் அப்படி. காதர்மைதீன் மட்டும் மூக்கை உறிஞ்சினார், அது சளியாகவும் இருக்கலாம்.

மீனாள் எழுந்து போய், அவர் பங்குக்குப் போகும் கயிற்றை முதல் மரத்திலிருந்து அவிழ்த்தாள். மண் இருக்கும்வரை பங்குக்காரரும் போகக் கூடாது. கயிறு அவிழும் சத்தம் அருளப்பனுக்குக் கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வருத்தமும் வந்தது. பத்து வருஷம் காத்திருந்து, வந்த அன்றைக்கு வாசலிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. இனி உள்ளே போனாலும் பார்க்கக் கண் இல்லை.

மற்றவர்கள் அவரவர் பங்குக்குப் போனார்கள். மீனாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லிய வெயில் அடித்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

“ஆத்தா.”

“சொல்லுங்க சார்.”

“எனக்குக் கொடுத்து வைக்கல. பரவாயில்ல, விடுங்க.”

அவள் கயிற்றின் நுனியைச் சுருளுக்குள் செருகினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க பாத்ததச் சொன்னா போதும், நான் மனசுல வச்சுக்குவேன். அது நடந்து வரும்போது எப்படி ஆத்தா இருக்கும்?”

மீனாள் சுருட்டிய கயிற்றைக் கீழே வைத்தாள்.

“தெரியாது சார்.”

“தெரியாதா? இருபத்திநாலு வருஷமா இந்தக் காட்டுல இருக்கீங்க. உங்க பங்குக்குத்தானே முதல்ல வந்துச்சு.”

“ஆமா. எனக்கும் குழிதான் தெரியும். நான் அதப் பாத்ததே இல்ல சார்.”